பூங்காப் புகைவண்டியின் கடைசிப் பெட்டி

இரும்புப் பாதைகள் உலகில் தோன்றிய காலத்திலேயே, எல்லோரும் ஏறும் பெட்டிகளோடு ஒருசிலர் மாத்திரம் ஏறும் பெட்டியும் தோன்றிவிட்டது. தேரிலும் பல்லக்கிலும் பவனி வந்து பழகியோர் புகைவண்டியில் ஏறத் துணிந்தபோது, தேரின் பெருமையையும் பல்லக்கின் மறைவையும் அங்கேயும் நாடினர். இங்கிலாந்தின் விக்ரோறியா மகாராணி 1842ஆம் ஆண்டு யூன் 13ஆம் தேதி சிலௌ என்னும் ஊரிலிருந்து இலண்டன் பாடிங்ரன் நிலையம் வரை முதன்முதலாகப் புகைவண்டியிற் சென்றார். அவருக்கெனத் தனிப்பெட்டி ஒன்றை அப்பாதையின் கம்பனியார் அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்னரே செய்து வைத்திருந்தனர். 1869இல் வேறொரு கம்பனியார் அவருக்காக அமைத்த பெட்டிகள் யோர்க் நகரத்துப் புகைவண்டி அரும்பொருட்சாலைக்கு வந்து சேர்ந்தன.

அமெரிக்காவிலோ அரசர் இல்லை. ஆயினும் தனிப்பெட்டிகள் இருந்தன. சனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கென 1865இன் தொடக்கத்தில் மிகச் சிறந்த பெட்டியொன்று செய்து முடிக்கப்பட்டது. உயிரோடிருந்தவரையில் அவர் அதில் ஏறவேயில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் அவர் சுடப்பட்டு இறந்த பின்னர், அவருடைய உடலையே அப்பெட்டி வாசிங்டனிலிருந்து அவர் ஊராகிய ஸ்பிறிங்பீல்டுக்குச் சுமந்து சென்றது. அதற்கு நெடுங்காலத்தின் பின் சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்காக, 1942இல், ஒரு பழைய பெட்டிக்கு இரும்புக் கவசமும் குண்டு துளையாத கண்ணாடியும் பொருத்தப்பட்டன. ஒரு பெட்டி துக்கத்தைச் சுமந்தது. மற்றது அச்சத்தைச் சுமந்தது.

மதிப்புக்குரியோரை ஏற்றிய இத்தகைய பெட்டிகளுள் ஒன்று, வேறெதற்கும் இல்லாத வரலாறு உடையது. அது எந்த நாட்டின் தலைநகரையும் மற்றொரு நகரோடு இணைக்கும் பாதையில் ஓடியதன்று. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், அனகைம் என்னும் ஊரில், சிறுவரும் பெரியவரும் பொழுதுபோக்குவதற்கென அமைந்த டிஸ்னிலாந்து என்னும் பூங்காவைச் சுற்றி ஓடியது அது. ஒரு மைலுக்குச் சற்றே மிகுந்த அந்த வட்டத்தை ஒரு முறை சுற்றி வந்தால், புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வந்து சேரலாம். எந்த ஊருக்கும் போகாத அந்த வண்டியில் சக்கரவர்த்தி ஒருவருக்கும் ஆசனம் இருந்தது. அப்பெட்டியின் பெயர் லில்லி பெல்.

பெட்டியின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், பூங்காவை அமைத்தவரின் இளமையிலிருந்து தொடங்குதல் வேண்டும். மிக்கி என்னும் எலியை வெண்திரையில் உலவவிட்ட வோல்ட் டிஸ்னி, 1901இல் பிறந்தவர். அவருடைய இளமையின் சில ஆண்டுகள் மிசூரி மாநிலத்தின் மார்சலீன் என்ற சிற்றூரிற் கழிந்தன. சான்ரா பே என்னும் பெரும் புகைவண்டிக் கம்பனியின் பாதை அவ்வூரூடாகவே சென்றது. அவருடைய உறவினர் ஒருவர் அப்பாதையில் இயந்திர சாரதியாக இருந்தார். பின்னர், பதினைந்து வயதளவில், ஓடும் வண்டிகளில் பத்திரிகைகளும் இனிப்புப் பண்டங்களும் விற்கும் வேலையை ஒரு கோடைகாலம் முழுதும் அவர் செய்தார். அவ்வேலையில் அவர் பொருள் ஈட்டியது குறைவு. ஆயினும் அன்று பற்றிய புகைவண்டி ஆசை அவரைவிட்டு அகலவேயில்லை.

1948இல் சிக்காகோ நகரிலே நிகழ்ந்த புகைவண்டிக் கண்காட்சிக்குச் சென்று திரும்பியபின், அந்த ஆசை செயலாக மாறியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அயலில் தாம் வாங்கிய புதுமனையின் தோட்டத்திலே சிறு இருப்புப் பாதையொன்று அமைக்க அவர் முனைந்தார். பழைய சென்றல் பசிபிக் கம்பனியின் இயந்திரமொன்றின் வரைபடத்தைப் பெற்று, அதனை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, உண்மையான நீராவியால் ஓடும் சிறு இயந்திரத்தைத் தம் படப்பிடிப்பு நிலையத்துத் தொழிலாளரைக்கொண்டு செய்வித்தார். அதன் பின்னே இழுபடும் காவலர் பெட்டியைத் தம் கையாலேயே மரம் இழைத்துச் செய்தார். பாதையின் அகலம் ஏழேகால் அங்குலம். நீளம் அரை மைலளவு.

இதற்கு ஓர் இடையூறு இருந்தது. பாதை செல்லவேண்டிய வழியில் மனைவி லிலியனின் பூந்தோட்டம் கிடந்தது. புகைவண்டியிடத்து அவருக்கு அத்துணை விருப்பம் இல்லை. பூக்களிடத்து விருப்பம் மிகுதி. டிஸ்னி இதனை வழக்குமன்றத்துக்கு ஏற்ற விவகாரம்போல நடத்தினார். வழியுரிமை வழங்கும் பத்திரம் ஒன்றைச் சட்டமுறைப்படி எழுதுவித்து, மனைவியின் கையொப்பத்தைப் பெற்றார். பத்திரம் விளையாட்டுக்காக எழுதப்பட்டதெனினும், பூந்தோட்டம் விளையாட்டாகக் கருதப்படவில்லை. பாதையை மண்ணின்கீழ் இறக்கி, ஏறத்தாழ தொண்ணூறு அடி நீளமான சுரங்கத்தின் ஊடாகச் செலுத்தினார். மேலே செடிகள் பூத்தன; கீழே வண்டி ஓடியது. அந்த வண்டியை இழுத்த சிறு இயந்திரத்துக்கு மனைவியின் பெயரைத் தழுவி லில்லி பெல் எனப் பெயர் சூட்டினார். 1925இல் மணம்புரிந்த அவ்விருவருடைய இல்லறத்தில், ஒருவரின் விருப்பத்துக்கு மற்றவர் வழிவிட்ட முறைமைக்கு அச்சுரங்கமே சான்று.

1950இல் ஓடத் தொடங்கிய தோட்டத்து வண்டி மூன்றே ஆண்டுகள் ஓடிற்று. 1953இல் வண்டி தடம்புரண்டபோது கசிந்த நீராவி சுட்டுச் சிறுமி ஒருத்தி காயமுற்றாள். டிஸ்னி அத்துடன் அப்பாதையை மூடிவிட்டார். ஆனால் இயந்திரத்தின் வரைபடங்கள் எஞ்சியிருந்தன. பெரியதொரு பூங்காவைப் பற்றிய எண்ணமும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த எண்ணத்தையும் லிலியன் தொடக்கத்தில் வரவேற்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் துப்புரவற்றவை என்றும் வளர்ந்தோருக்கு இன்பம் தராதவை என்றும் அவர் கருதினார். தமது பூங்கா அவ்வாறிராது என்பதே கணவர் இறுத்த விடை.

1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. பூங்காவைச் சுற்றி மண்ணணை எழுப்பப்பட்டு, அதன்மீது இருப்புப் பாதை இடப்பட்டிருந்தது. அன்று பூங்காவின் வாயிலிலுள்ள நிலையத்துக்கு வந்த வண்டியின் இயந்திரத்தில் டிஸ்னியே நின்றார். கலிபோர்ணியாவின் ஆளுநர் குட்வின் நைட்டும் சான்ரா பே கம்பனியின் தலைவர் பிறட் கேர்லியும் அவருடன் நின்றனர். தண்டவாளங்களின் இடைவெளி 3 அடி. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம் என்பதையும், களனிப் பள்ளத்தாக்கில் முன்னாளில் ஓடிய சிறிய வண்டியின் பாதை 2 அடி 6 அங்குலம் என்பதையும் நினைந்தால், பூங்கா வண்டியின் பருமன் ஒருவாறு விளங்கும். அது விளையாட்டுப் பொருளன்று. மெய்யான கொதிகலமும் மெய்யான நீராவியும் கொண்ட புகைவண்டியே. அதன் முதல் இரண்டு இயந்திரங்களும் தோட்டத்து லில்லி பெல்லின் வரைபடத்தைப் பெருப்பித்தே அமைக்கப்பட்டவை. பூந்தோட்டத்தின் அடியில் ஓடியது இப்போது பல்லாயிரவரைச் சுமந்து மேலே ஓடிற்று.

பயணிகளை ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் வர்ணம் தீட்டிய ஆறு பெட்டிகள் செய்யப்பட்டன. முதலாவது பெட்டி பாதி பயணிகளுக்கும் பாதி பொதிகளுக்கும் என அமைந்தது. அடுத்த நான்கும் பயணிகளுக்குரியன. ஆறாவதாகிய கடைசிப் பெட்டியின் பின்புறத்திலே நின்று பார்ப்பதற்கு ஒரு மேடை இருந்தது. அதற்குக் கிராண்ட் கன்யன் என்று பெயரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெடும்பயண வண்டிகளிற் காணப்பட்ட வண்ணமே ஆசனங்கள் யாவும் முன்னோக்கியிருந்தன. பக்கங்களிலே கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பெட்டியின் முனையிலே வாயில் இருந்தது. பழமையைப் பேணுவதில் டிஸ்னிக்கு இருந்த பற்று அப்பெட்டிகளின் ஒவ்வொரு பலகையிலும் தெரிந்தது.

பூங்கா திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகத் தலைவர்கள் பலர் அங்கே வந்தனர். 1956இல் இந்தோனேசியச் சனாதிபதி சுகர்ணோ வந்தார். 1960இல் தாய்லாந்து மன்னர் பூமிபோலும் அரசியும் வந்தனர். 1961 நவம்பரில் இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேரு தம் மகள் இந்திராவுடன் வந்தபோது, டிஸ்னியே அவர்களை அழைத்துச் சென்று பூங்காவைக் காட்டினார். அக்காலத்தில் இத்தகையோருக்கெனத் தனிப்பட்ட புகைவண்டிப் பெட்டி இருக்கவில்லை. பிரதமர் ஒருவர் பூங்காவைச் சுற்றிவர விரும்பினாலும், பள்ளிச் சிறுவர் ஏறிய பெட்டியைப் போன்றதொரு பெட்டியே அவருக்கும் இருந்தது. தனிமை வேண்டியபோது டிஸ்னி தம் குடும்பத்தாருடன் தங்குவதற்கு, வாயிற் சதுக்கத்தின் தீயணைப்பு நிலையத்துக்கு மேலே சிறியதொரு மனை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாங்கில் அலங்கரிக்கப்பட்ட அம்மனையின் சாளரத்திலிருந்து, வண்டிக்காக நிலையத்திற் காத்து நிற்கும் மக்களை அவர் பார்க்கக்கூடியதாயிருந்தது.

மஞ்சட் பெட்டிகளுக்கு இடர் விளைத்ததும் அம்மக்களின் பெருக்கமே. ஒவ்வொரு நிலையத்திலும் ஒடுங்கிய வாயிலால் ஒருவர்பின் ஒருவராக இறங்கவும் ஏறவும் நெடுநேரம் சென்றது. காத்து நிற்போரின் வரிசை நீண்டது. 1958இல் பாதையின் ஓரத்திலே, கிராண்ட் கன்யன் மலைப் பள்ளத்தாக்கைக் காட்டும் 306 அடி நீளமான ஓவியக் காட்சி திறந்துவைக்கப்பட்டது. 1966இல் பண்டைக்காலப் பெருவிலங்குகள் அசையும் காட்சி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் வண்டியின் ஒரு பக்கத்தே அமைந்தவை. முன்னோக்கி அமர்ந்து சிறு சாளரத்தின் வழியே பார்ப்போருக்கு அவை செவ்வையாகத் தெரியவில்லை. பக்கங்கள் திறந்த பெட்டிகளில், காட்சியை நோக்கித் திருப்பிய ஆசனங்களில் அமர்ந்தோர் அவற்றை முழுதும் கண்டு களித்தனர். கிராண்ட் கன்யன் என்னும் பெயருடைய பெட்டியிலிருந்தே கிராண்ட் கன்யன் காட்சியை நன்கு காணமுடியாமற் போயிற்று.

1966 டிசெம்பர் 15ஆம் தேதி வோல்ட் டிஸ்னி காலமானார். மஞ்சட் பெட்டிகள் அதன்பின் வரவரக் குறைவாகவே பயன்பட்டன. 1974இல் சேவையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன. கூட்டத்துக்கு ஏற்றவை அல்ல என்பதே அவைமீது சுமத்தப்பட்ட குற்றம். ஆனால் ஒருவருக்குக் குற்றமாயிருப்பது மற்றொருவருக்குக் குணமாதல் உண்டு. பலர் விரைந்து ஏற இயலாத பெட்டி, சிலர் ஆறுதலாக அமர்வதற்கு ஏற்ற பெட்டியன்றோ? மூடிய சுவர்களும், குறைந்த இடமும், பின்மேடையும் கொண்ட அந்தக் கடைசிப் பெட்டியை மதிப்புக்குரிய விருந்தினருக்கான பெட்டியாக மாற்றுவதென்று முடிவு செய்யப்பட்டது.

இங்கே ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். அந்நாளிற் பூங்காவின் பெரும்பகுதி டிஸ்னி கம்பனிக்குச் சொந்தமாயிருந்தபோதிலும், புகைவண்டி டிஸ்னி குடும்பத்தாரின் தனி நிறுவனத்துக்கே உரியதாயிருந்தது. அந்நிறுவனத்தின் பெயர் றெட்லோ. வோல்டர் என்பதன் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக எழுதினால் அப்பெயர் வரும். 1982இலேதான் அவ்வுரிமை கம்பனியின் கைக்கு மாறிற்று. ஆகவே பெட்டியை அலங்கரிக்கும் பணியில் லிலியன் பங்குகொண்டது, புகழ்பெற்றவரின் மனைவிக்கு உபசாரமாக அளிக்கப்பட்ட மதிப்பு மாத்திரமன்று. தம் குடும்பத்து வண்டியையே அவர் ஒழுங்குசெய்தார்.

மஞ்சள் நிறம் நீங்கிக் கருஞ்சிவப்பு நிறம் ஏறியது. வரிசை வரிசையாக இருந்த ஆசனங்கள் அகற்றப்பட்டு, சிவப்பு வெல்வெற்றுத் துணி போர்த்த நாற்காலிகள் வைக்கப்பட்டன. கீழே பூவேலை செய்த கம்பளம். பக்கங்களிலே மெருகேற்றிய மரவேலை. கூரையை ஒட்டிய சிறு சாளரங்களிலே வர்ணக் கண்ணாடி. தீயணைப்பு நிலையத்தின் மேலிருந்த மனையின் பாங்கே இங்கும் விளங்கிற்று. பெருந்தலைவர்கள் ஏறும் பெட்டியின் சுவரிலே அரச இலச்சினையோ நாட்டுக் கொடியோ இருத்தல் வழக்கம். இப்பெட்டியின் சுவர்களிலோ டிஸ்னி குடும்பத்தாரின் நிழற்படங்கள் தொங்கின. பெட்டிக்கு லில்லி பெல் என்று பெயரிட்டனர். கணவர் தோட்டத்து வண்டிக்கு வைத்த பெயர் மனைவி அலங்கரித்த பெட்டிக்கு வந்து சேர்ந்தது. லிங்கனுக்கு அவருடைய பெட்டியில் உயிரோடு ஏறும் வாய்ப்பு வாய்க்கவில்லை. டிஸ்னிக்கோ இப்பெட்டியைப் புதுக்கோலத்திற் காணும் வாய்ப்பே வாய்க்கவில்லை.

அவ்வலங்காரம் முடிந்த காலத்தில் அதில் ஏறிய முதல் விருந்தினர்களுள் யப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ ஒருவர். 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் தேதி அவர் டிஸ்னிலாந்துக்கு வந்தார். இலங்கை மக்களுக்கு அப்பெயர் புதிதன்று. 1921இல், முடிக்குரிய இளவரசராக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிச் சென்றபோது, அவர் கொழும்பிலும் இறங்கிச் சென்றார். இருபத்தோராண்டுகளின் பின், 1942 ஏப்பிரல் 5ஆம் தேதி கொழும்பின்மீதும், 9ஆம் தேதி திருகோணமலைமீதும் குண்டு பொழிந்த விமானங்கள் அவருடைய நாட்டின் விமானங்களே. யப்பானியர் தெய்வமெனப் போற்றிய அவர், போரிலே தோல்வியுற்றபின், 1946ஆம் ஆண்டின் முதல் நாளில், தாம் தெய்வமென்னும் கருத்தை மறுத்து அறிக்கை வெளியிட்டார். தெய்வ நிலையும் பெரும்போரும் பேரழிவும் கண்ட அம்முதியவர், எழுபத்து நான்காவது வயதில், தமது பேரரசு போரிட்ட நாட்டின் சிறுவர் பூங்காவிலே உலாவினார். மிக்கி எலியின் உருவம் பொறித்த கைக்கடிகாரம் ஒன்று அங்கே அவருக்குப் பரிசாக வழங்கப்பட்டது. வெற்றியும் தோல்வியும் பேசவேண்டிய இடமன்று அது. பழைய பகைவர்கள் ஒருவரையொருவர் விருந்தினராகக் காண்பதற்குச் சில வேளைகளில் மாநாட்டு மண்டபத்தினும் பூங்காவே ஏற்ற இடமாகின்றது.

ஆயினும் ஒரு வினா எழுதல் இயல்பு. எல்லோருக்கும் உரியது எனத் திறக்கப்பட்ட பூங்காவிலே, ஒருசிலருக்கு மாத்திரம் உரிய பெட்டி இருத்தல் தகுமா? சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பிள்ளையைத் தோளிற் சுமந்து வரும் தந்தை ஒருவர், பூட்டிய கதவுடைய சிவப்புப் பெட்டியைக் கண்டு என்ன எண்ணுவார்? இவ்வினாவைப் புறந்தள்ளல் ஆகாது. உலகமெங்கும் தனிப்பெட்டிகளின் வரலாறு வேற்றுமையின் வரலாறேயாம். பாதை எல்லோருடைய வரியாலும் உழைப்பாலும் அமைந்திருக்க, அதன் சிறந்த ஆசனம் சிலருக்கே உரியதாயிருந்த காலங்கள் பல.

ஆனால் லில்லி பெல்லின் இருப்பிடத்தைக் கூர்ந்து நோக்கின், அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைக்கின்றது. நாட்டுத் தலைவர்களுக்கு முழு வண்டியே தனியாக ஓடுவது உண்டு. அவர்கள் கடந்து செல்லும்வரை மற்றை வண்டிகள் ஒதுங்கி நிற்பதும் உண்டு. லில்லி பெல்லுக்கு அத்தகைய உரிமை இல்லை. பொதுமக்கள் ஏறிய பெட்டிகளின் பின்னே, அதே வண்டியின் வாலிலே அது கட்டப்பட்டது. முன்னுள்ள பெட்டியிற் சிறுவன் ஒருவன் ஏறி முடியும்வரை பின்னுள்ள பெட்டியில் இருப்பவரும் காத்திருத்தல் வேண்டும். வழியிலுள்ள காட்சிகளைக் காணுதற்குச் சிறந்த இடம் திறந்த பெட்டிகளே. வெல்வெற்று நாற்காலியில் அமர்ந்தவர் சிறு சாளரத்தால் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். வட்டம் முடியும்போது இருசாராரும் ஒரே வேளையில் ஒரே நிலையத்தில் இறங்குவர். மதிப்பைப் பெறுவோர் வசதியில் ஒன்றைப் பெற்று, காட்சியில் ஒன்றை இழந்தனர்.

சேவையிலிருந்து நீக்கப்பட்ட மற்றை ஐந்து பெட்டிகளும் நெடுங்காலம் களஞ்சியத்திற் கிடந்து, 1990களிற் பூங்காவை விட்டு நீங்கின. அவற்றுட் சில கலிபோர்ணியாவிலேயே ஒரு பண்ணையின் தனியார் பாதையை அடைந்து மீண்டும் ஓடின. லில்லி பெல் என்னும் பெயரும் ஓரிடத்தோடு நின்றுவிடவில்லை. 1971இல் புளொரிடா மாநிலத்தில் திறக்கப்பட்ட டிஸ்னியின் மற்றொரு பூங்காவில், 1928இலே கட்டப்பட்ட நீராவி இயந்திரமொன்றுக்கும் அப்பெயரே இடப்பட்டது. அப்பெயருக்குரிய லிலியன் 1997 டிசெம்பர் 16ஆம் தேதி காலமானார். கணவர் மறைந்து முப்பத்தோராண்டுகள் நிறைந்த நாளுக்கு அடுத்த நாள் அது.

அரசர்களின் பெட்டிகள் அவர்களது பெருமையைக் காட்டுவதற்கென ஆக்கப்பட்டன. லில்லி பெல்லை அலங்கரித்தவரோ முன்னர் புகைவண்டியை விரும்பாதவர். தம் பூக்களுக்காக அதனை மண்ணுக்குக் கீழே செல்லவைத்தவர். கணவர் மறைந்தபின், அவர் நேசித்த வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பூவேலைக் கம்பளம் விரித்து, குடும்பத்தாரின் படங்களை மாட்டினார். சக்கரவர்த்தியே வந்தபோதும் அவர் அமர்ந்தது, ஓர் இல்லத்தின் வரவேற்பறையிலேதான்.